விரிவுரையாளருக்குப் பயிற்சி உண்டு, அலுவலகத்துக்கு?

பல்கலைக்கழகம் என்றதும் எல்லோருக்கும் பேராசிரியர்கள்தான் ஞாபகம் வருவார்கள். ஒரு பிள்ளை பதிவு செய்த நாளிலிருந்து பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கும் நாள் வரைக்கும் அதன் பெயர் எத்தனை மேசைகளைத் தாண்டிப் போகிறது, அதில் ஒரு மேசையில் வேலை தெரியாத ஒருவர் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் வீணாகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் அந்த மேசைகளில் இருந்தவள். முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்து, பரீட்சையும் நேர்முகமும் தாண்டி உதவிப் பதிவாளராக வந்தேன். இலங்கையின் மலையகத்திலேயே சில கிளைகளில் மாறி மாறி வேலை. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பில் இருக்கிறது. இடத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவது ஓர் இடத்தின் குறை அல்ல.

நேராகவே சொல்கிறேன். எங்கள் மாதிரி நாடுகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகத் திறன் சில தனி ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. அந்த ஆள் ஓய்வுபெற்றால், இடமாற்றம் வாங்கினால், வெளிநாடு போனால், திறனும் கூடவே போய்விடுகிறது. அதைத் தலையிலிருந்து எடுத்து மேசைக்குக் கொண்டுவருவதுதான் அலுவலர் மேம்பாட்டில் முதல் வேலை. செயலமர்வு, சான்றிதழ், கொழும்பு ஹோட்டல், இதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் அலுவலகத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் சட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி உபவேந்தருக்கு மூன்று வருஷம், பீடாதிபதிக்கு மூன்று வருஷம், துறைத்தலைவருக்கும் மூன்று வருஷம். ஒரு நல்ல பௌதிகவியல் பேராசிரியர் ஒரு திங்கட்கிழமை காலையில் துறைத்தலைவராகிறார். முதல் வருஷம் வேலை பிடிபடுவதற்கே போய்விடும், இரண்டாவது வருஷம் ஓரளவு ஓடும், மூன்றாவது வருஷம் அடுத்தவர் யார் என்ற பேச்சு வந்துவிடும். சேர்ந்தாற்போலப் பத்து இருபது வருஷம் ஒரே விடயத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் மட்டும்தான். ஆனால் பயிற்சிக்கான காசும் கவனமும் அவர்களிடம்தான் கடைசியாக வந்து சேர்கிறது.

விரிவுரையாளர் பக்கம் பார்த்தால் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் பல்கலைக்கழகங்களில் அலுவலர் மேம்பாட்டு நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தகுதிகாண் காலத்தில் இருக்கும் விரிவுரையாளர் உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய ஒரு பாடநெறியை முடித்தால்தான் பதவியில் உறுதிப்படுத்தப்படுவார் என்ற ஏற்பாடும் வந்தது. அது நல்ல ஏற்பாடு. எப்படி வினாத்தாள் தயாரிப்பது, எப்படி ஒரு பெரிய வகுப்பை நடத்துவது என்று அவர்களுக்கு யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே நாளில் வேலைக்குச் சேர்ந்த எழுதுவினைஞருக்கு ஒரு கதிரையும் ஒரு கட்டுக் கோவையும் (ஃபைல்) கொடுத்து, "பக்கத்து மேசை மிஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுடன் பயிற்சி முடிகிறது. பக்கத்து மேசை மிஸ்ஸுக்கு நேரமிருந்தால், மனமிருந்தால், அவருக்கே சரியாகத் தெரிந்திருந்தால் வேலை பழகலாம்.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் கிளையில் இருந்த ஒரு பெரிய மாத்தயா, அதாவது ஐயா. சிங்களவர், கம்பளைப் பக்கம். ஓய்வுபெறுவதற்கு முந்திய வாரங்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கோவையை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கினார். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. கோவையைத் திறந்ததும் எல்லோரும் மேலே இருக்கும் கடைசிக் கடிதத்தை வாசிப்பார்கள். அவர் அதைத் தொடமாட்டார். இடதுபக்கம் இருக்கும் குறிப்புத் தாளை முதலில் பின்னாலிருந்து முன்னால் வாசிப்பார், யார் என்ன திகதியில் என்ன எழுதிக் கையெழுத்து வைத்தார் என்று. பிறகு வலதுபக்கக் கடிதங்களின் இலக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று மூலையை மட்டும் விரலால் தட்டிக்கொண்டே போவார். ஒரு முறை 14க்கு அடுத்து 16 வந்தது. "நங்கி (தங்கச்சி), பதினைந்து எங்கே?" என்றார். அந்தப் பதினைந்தாவது கடிதம்தான் அந்த விரிவுரையாளரின் கற்கை விடுமுறையை நீடித்த, பல்கலைக்கழகப் பேரவையின் தீர்மானம். வேறொரு கோவையில் போய் இருந்தது. அது இல்லாமல் நாங்கள் பதில் எழுதியிருந்தால் ஒரு மனிதருக்கு அனுமதியில்லாமல் வேலைக்கு வரவில்லை என்று கடிதம் போயிருக்கும்.

இந்த அறிவு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவர் போகும்போது, அவர் சொன்னதையெல்லாம் எழுதிய ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி, என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். வேலையின் பெயர், எந்த மாதத்தில் வரும், எந்தச் சுற்றறிக்கை, என்னென்ன இணைக்க வேண்டும், யார் கையெழுத்து, எந்தச் சபைக்குப் போகும், வழக்கமாக எந்தக் காரணத்துக்காகத் திரும்பி வரும். கடைசியாகச் சொன்னதுதான் தங்கம். "நிதிக் கிளையில் இருந்து இது திரும்பி வரும், ஏனென்றால் செலவுத் தலைப்பு எழுதாமல் அனுப்புவார்கள்" என்ற ஒரு வரி இரண்டு வார அலைச்சலை மிச்சப்படுத்தும். இன்றைக்கு நான் பயிற்சி கொடுக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான்: உங்கள் விடயத்தில் எந்த வேலை அதிகமாகத் திரும்பி வருகிறது, ஏன்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அவருடைய வேலை தெரியும்.

அப்புறம், இதைச் செய்யப் பணம் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு கொப்பி, கொஞ்சம் பொறுமை. எழுதுகிறவர் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆலோசகரைக் கூப்பிட்டு நடைமுறைக் கைநூல் தயாரித்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். அழகான அட்டை, நல்ல தாள், அலமாரியில் இருக்கும், யாரும் திறக்கமாட்டார்கள். தானே எழுதிய பக்கத்தைத்தான் மனிதர் திறந்து பார்த்துத் திருத்துவார்.

அடுத்தது சுற்றறிக்கை. பல்கலைக்கழக வேலையில் பாதி சுற்றறிக்கைதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 1997இல் வெளியிட்ட 721ஆம் இலக்கச் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், விரிவுரையாளர் ஆட்சேர்ப்புக்கும் பதவி உயர்வுக்கும் அதுதான் அடிப்படை. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள். புதிதாக வந்த ஒருவர் 721ஐ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்த்தால், விண்ணப்பித்தவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகலாம், கிடைக்கக் கூடாதது கிடைத்தும் போகலாம். இரண்டாவது நடந்தால் சில வருஷம் கழித்துக் கணக்காய்வு வந்து சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும், அப்போது அந்த மனிதர் படும் பாடு இருக்கிறதே!

எங்கள் கிளையில் புதன்கிழமை பின்னேரம் தேநீருக்கு அப்புறம் ஒரு சுற்றறிக்கை வாசிப்பு வைத்தோம். ஒரு சுற்றறிக்கை, அதன் திருத்தங்கள், முடிந்துபோன ஒரு பழைய கோவை, இவ்வளவுதான். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் அந்தக் கோவையில் அது எப்படிப் பயன்பட்டது என்று தேடுவார்கள். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் போக விடமாட்டோம், ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் வேலைக்கு மேல் இன்னொரு வேலையா என்று முணுமுணுப்பு வந்தது உண்மை. ஆனால் பதவியில் முன்னேற எழுத வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்கு இருந்தவர்கள் இதனால் பயன் இருக்கிறது என்று கண்டதும் வேறு கிளைகளிலிருந்தும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஆட்களுக்குத் தங்கள் பதவி உயர்வோடு தொடர்பு தெரிந்தால் பயிற்சிக்கு யாரும் கூப்பிடத் தேவையில்லை. ஒன்று முக்கியம்: முடிந்துபோன கோவையைத்தான் எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கோவையை எடுத்தால் அது வம்பளப்பாகிவிடும், சம்பந்தப்பட்டவரின் இரகசியமும் வெளியே போகும்.

இதெல்லாம் யாருக்காக என்று சில நேரம் மறந்துவிடுகிறது. எனக்கு மறப்பதில்லை, ஏனென்றால் நான் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள். நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பல்கலைக்கழக அனுமதியில் கணக்கிடப்படுகின்றன. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் இப்படிப்பட்ட மாவட்டங்களுக்கு. அந்த வாசல் வழியாக வருகிற பிள்ளையின் வீட்டில் அதற்கு முன்னால் பல்கலைக்கழகம் பார்த்த ஒருவரும் இருக்கமாட்டார். படிவம் நிரப்ப உதவ ஆளில்லை. ஒரு கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு டிவிஷனுக்கு நாலு பஸ் மாறிப் போக வேண்டும். அம்மா அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் கூட வந்திருப்பார், அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்.

ஒரு பதிவு நாளில் அப்படி ஒரு பிள்ளை வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு விதம், உயர்தரச் சான்றிதழில் மூன்றாவது விதம். தோட்டப்பகுதியில் இது சர்வசாதாரணம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதி, திரும்பத் தமிழில் எழுதும்போது ஓர் எழுத்து கூடிக் குறைந்து போய்விடும். அப்பாவின் பெயருக்கு இருக்கும் எழுத்து ஒன்று விடுபட்டிருக்கும். கவுண்டரில் இருந்த தம்பி புதியவர். நல்ல பிள்ளைதான், ஆனால் பயம். பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பெயர் திருத்துவது என்றால் மாதக்கணக்கு, பதிவு முடிவது அந்த வாரம்.

பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் எழுந்து வந்து கடதாசிகளை வாங்கிப் பார்த்தார். "மூன்றிலும் பிறந்த திகதி ஒன்றுதான், அடையாள அட்டை இலக்கம் உயர்தர அனுமதி அட்டையோடு சரியாக இருக்கிறது, அம்மாவின் பெயர் ஒன்று. ஆள் ஒருவர்தான் என்பதற்கு இது போதும். சத்தியக்கடதாசி ஒன்றை வாங்கிக்கொண்டு நிபந்தனையோடு பதிவு செய்வோம், திருத்தத்துக்கு ஒரு காலக்கெடு எழுதிக் கையெழுத்து வாங்குவோம், குறிப்பை உதவிப் பதிவாளருக்குப் போடுவோம்" என்று சொன்னார். டவுனில் ஒரு சமாதான நீதவானைப் பிடித்து அன்றைக்கே வேலை முடிந்தது. அந்த அக்கா செய்தது சலுகை இல்லை. எதைச் சரிபார்க்க வேண்டும், எதை யார் தீர்மானிக்கலாம், தீர்மானத்தை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவர் லீவில் இருந்திருந்தால்? என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருக்கும் கேள்வி இதுதான். பிறகு அந்த அக்காவிடம் கேட்டு அதை ஒரு பக்கமாக எழுதி, கவுண்டர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தோம். இப்போது புதியவர் ஒருவரும் அதைப் பார்த்துச் செய்யலாம். பயப்படுகிற ஊழியர் எப்போதும் 'இல்லை' என்றுதான் சொல்வார், அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. தன் அதிகாரத்தின் எல்லை எதுவரை என்று எழுத்தில் தெரிந்தால் பயம் குறையும். இதைத் தலைமைப் பதவிகளில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனத்தில் எடுக்க வேண்டும்.

மொழி விஷயமும் இங்கேதான் வருகிறது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அரச சேவையில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஐந்து வருஷத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் சுற்றறிக்கை வந்தது. வகுப்புகள் நடக்கின்றன, பரீட்சை எழுதுகிறார்கள், சித்தியடைகிறார்கள். ஆனால் கவுண்டரில் ஒரு பிள்ளை தமிழில் கேட்டால் உள்ளே திரும்பித் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்கள், அந்த ஒருவர் பல வருஷம் நான்தான். நான் எழுந்துபோனால் என் வேலை நிற்கும். பரீட்சைக்குப் படித்த மொழி வேறு, கவுண்டரில் பேசும் மொழி வேறு.

நாங்கள் செய்தது சின்ன விஷயம். கவுண்டரில் வழக்கமாக வருகிற கேள்விகளையும் பதில்களையும் ஒரு தாளில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, தமிழ் வசனங்களைச் சிங்கள எழுத்திலும், சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்திலும் போட்டோம். மகாபொல புலமைப்பரிசில் இன்னும் வரவில்லை, வங்கிக் கணக்கு இலக்கம் பிழை, பர்சரி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும், கிராம உத்தியோகத்தர் கையெழுத்தின் மேல் பிரதேச செயலகத்தின் கையெழுத்தும் வேண்டும், இப்படி. ஒரு தமிழரையும் ஒரு சிங்களவரையும் கவுண்டரில் சோடியாகப் போட்டோம். சில மாதங்களில் சிங்களத் தங்கை ஒருத்தி, "அம்மா உட்காருங்க, கொஞ்சம் நேரம் எடுக்கும்" என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துறைத்தலைவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கு ஓர் உபகரணம் வாங்க ஒதுக்கீடு இருக்கும். ஜனவரியில் அனுப்ப வேண்டிய கோரிக்கை ஒக்டோபரில் வரும். விவரக்குறிப்பு என்று ஒரு கம்பனியின் விளம்பரத் தாளை அப்படியே இணைத்திருப்பார்கள். அப்படி எழுதினால் ஒரே ஒருவரால்தான் வழங்க முடியும், பெறுகைக் குழு, அதாவது கொள்முதலைப் பார்க்கும் குழு, திருப்பி அனுப்பும். திருத்தி வர நவம்பர். கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, மதிப்பீடு செய்து, அனுமதி எடுப்பதற்குள் டிசம்பர் 31 வந்துவிடும், அந்தப் பணம் அந்த வருஷத்தோடு போச்சு. பிறகு "எங்களுக்குப் பணம் தருவதில்லை" என்று பீடச் சபையில் பேச்சு. எங்கள் மாதிரி நாட்டில் பணம் குறைவு என்பது சரி, ஆனால் இருக்கிற பணத்தை நேரத்துக்குச் செலவழிக்கத் தெரியாமல் திருப்பிக் கொடுப்பது இன்னும் வேதனை.

இதற்கு நாங்கள் கண்ட வழி, துறைத்தலைவராகப் பதவியேற்ற முதல் மாதத்திலேயே நிதிக் கிளையிலிருந்து ஒருவரும் ஊழியர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையிலிருந்து ஒருவரும் அவருடைய அறைக்கே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பேசுவது. மண்டபத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், வந்தாலும் கேள்வி கேட்கமாட்டார்கள், பேராசிரியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவார். தனது அறையில் எல்லாவற்றையும் கேட்பார். அங்கேயே அந்த வருஷத்துக் காலண்டரை எடுத்து பெறுகைக் கோரிக்கை, லீவு, சம்பள ஏற்றம், பரீட்சைச் சபை, வரவுசெலவு மதிப்பீடு எல்லாவற்றுக்கும் திகதி குறிப்போம். துறையில் இருக்கும் எழுதுவினைஞரையும் அதில் கட்டாயம் உட்காரவைக்க வேண்டும். அவரை விட்டுவிட்டுச் செய்தால் திரும்பவும் தலைக்குள்தான் போய்ச் சேரும்.

கற்கை விடுமுறைக் கோவைகளைப் பற்றித் தனியே எழுதலாம். இளம் விரிவுரையாளர்கள் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகிறார்கள், போகும்போது பிணைமுறியில் கையெழுத்து வைக்கிறார்கள், இரண்டு பேர் பிணை நிற்கிறார்கள். திரும்பி வந்து இத்தனை வருஷம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். இதுதான் வளர்முக நாடுகளில் ஆசிரியர் மேம்பாட்டின் முதுகெலும்பு. ஆனால் திரும்பாதவர்களிடமிருந்து பிணைமுறிப் பணத்தை அறவிடாதது பற்றிக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு திரும்பாதவர்களும் கூடிவிட்டார்கள், இங்கிருந்து போகிறவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பிணை நின்ற சக விரிவுரையாளர் ஒருவர், நண்பருக்காகக் கையெழுத்து வைத்தவர், எங்கள் அலுவலகத்தில் வந்து கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் முன்னேற்ற அறிக்கை கேட்டு, முகவரி மாறினால் பதிந்து, முடிவுத் திகதிக்கு ஆறு மாதம் முன்னால் கடிதம் போட்டிருந்தால் விஷயம் அந்த அளவுக்குப் போயிருக்காது. அந்தக் கடிதத்தை யார் போடுவது? அதுதான் அலுவலகம். ஒரு எக்செல் அட்டவணையில் பெயர், நாடு, முடிவுத் திகதி, பிணையாளிகள், கடைசி அறிக்கை வந்த திகதி என்று ஐந்து நிரல் போட்டு மாதத்தின் முதல் வேலைநாளில் திறந்து பார்த்தால் போதும். பெரிய மென்பொருள் வேண்டாம்.

மென்பொருள் என்றதும் திட்டங்கள் ஞாபகம் வருகின்றன. உலக வங்கி உதவியோடு எங்கள் உயர்கல்விக்கு இர்கியூ, எச்.ஈ.டி.சி., அஹெட் என்று மூன்று பெரிய திட்டங்கள் வந்தன, 2003, 2010, 2017 ஆகிய வருஷங்களில் அனுமதிக்கப்பட்டவை. ஆய்வுகூடங்கள் வந்தன, புலமைப்பரிசில்கள் வந்தன, பலர் கலாநிதிகள் ஆனார்கள், அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். எந்தத் திட்டம் வந்தாலும் அலுவலகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திட்ட வேலையைப் பார்க்கத் தனியாக ஆட்களை எடுப்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள், ஒப்பந்த அடிப்படையில். அவர்கள் பெறுகை, அறிக்கை எழுதுவது, கணக்கு எல்லாம் நன்றாகப் பழகிவிடுவார்கள். திட்டம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடியும், பழகிய அத்தனையும் வெளியே போகும். நிரந்தர ஊழியர் ஒருவரை முதல் நாளிலிருந்து அந்தப் பிரிவில் அரைநாளாவது உட்காரவைத்தால் அது மிஞ்சும். நாங்கள் ஒரு திட்டத்தில் இதைக் கேட்டு வாங்கினோம், அன்றைக்கு அங்கே இருந்த தம்பிதான் இன்றைக்கு எங்கள் பெறுகை வேலை முழுவதையும் தூக்கிச் சுமக்கிறார்.

மாணவர் தொகை கூடும்போது அலுவலகம் கூடாது என்பது எங்கள் பிரச்சினை மட்டுமில்லை. உகண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகம் 1990களில் கட்டணம் செலுத்தும் மாணவர்களைப் பெருமளவில் சேர்க்கத் தொடங்கியபோது வகுப்பறைகளும் அலுவலகங்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறின. எங்களுக்கு அது 2019 உயர்தரப் பரீட்சையோடு வந்தது. பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு தொகுதி, அனுமதி 30,000 சொச்சத்திலிருந்து 40,000ஐத் தாண்டியது. கூடவே கொரோனா. பாடம் சூமுக்குப் போனது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு அதைத் தாங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடித் தேயிலை மலை ஏறினார்கள். விரிவுரையாளர்களுக்கு இணையவழிக் கற்பித்தல் பயிற்சி உடனடியாக வந்தது, அலுவலகத்துக்கு ஒன்றும் வரவில்லை. கோவைகள் பூட்டிய அலுவலகத்தில், ஊழியர்கள் வீட்டில். அந்த நாட்களில் எழுதி வைத்த பக்கங்களைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பல வேலைகளை ஓட்டினோம். பிறகு 2022இல் எரிபொருள் இல்லை, கடதாசி இல்லை, ஆட்சேர்ப்பும் நின்றது. 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டபோது, அலுவலகம் என்று ஒன்று இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பயிற்சியில் பெண்கள் விடுபட்டுப் போவதைச் சொல்லாமல் விட முடியாது. மலையகத்தில் அலுவலக வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். நல்ல பயிற்சிகள் கொழும்பில்தான் நடக்கின்றன. பதுளையிலிருந்து ரயிலில் போனால் ஒன்பது பத்து மணித்தியாலம். இரவு ரயிலில் போய், தங்கி, திரும்பி வர மூன்று நாள். சின்னப் பிள்ளை இருக்கிறவர், வயதான மாமியாரைப் பார்க்கிறவர் எப்படிப் போவார்? "எனக்கு வேண்டாம் மிஸ், வேறு யாரையாவது போடுங்கள்" என்பார். மழைக்காலத்தில் மண்சரிவு, பாதை மூடல் வேறு. பிறகு பதவி உயர்வு நேர்முகத்தில் பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். இதே கதையை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பயிற்றுநர் ஒருவர் மலையேறி வந்தால் முப்பது பேர் இறங்கிப் போக வேண்டியதில்லை. நாங்கள் கேட்டபோது வரமாட்டோம் என்று பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை, கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். வேலைநாளில், காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்று வரை, அவரவர் கிளைக் கோவைகளோடு. பின்னேரம் அவர்கள் மேசைக்குத் திரும்பிப் போய் அன்றைக்குப் பழகியதைச் செய்து பார்க்க வேண்டும், அடுத்த வாரம் அதைக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் முழுக்க ஒளிப்படக் காட்சி போட்டு, சோற்றுப் பார்சல் கொடுத்து, குழுப்படம் எடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூட்டக் குறிப்பு எழுதுவது ஒன்று பாக்கி. உதவிப் பதிவாளராக வருகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பீடச் சபைக் கூட்டத்தில் மூத்தவரும் புதியவரும் இருவருமே குறிப்பு எடுக்க வேண்டும், அன்றைக்கே புதியவர் வரைவு எழுத வேண்டும், அடுத்த நாள் மூத்தவர் பென்சிலால் திருத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏன் திருத்தினார் என்று பக்கத்தில் எழுதி. புதியவர்கள் யார் என்ன பேசினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். என்ன தீர்மானம், யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்ற மூன்றும்தான் வேண்டும். தீர்மானம் தெளிவாக இல்லாவிட்டால் கூட்டத்திலேயே எழுந்து, "சேர், இதை எப்படிப் பதிவு செய்வது?" என்று கேட்கப் பழக வேண்டும். ஒரு பிள்ளை முதல் தடவை அப்படிக் கேட்டபோது சபை ஒரு நிமிடம் அமைதியாகி, பிறகு பீடாதிபதி தீர்மானத்தைத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய குறிப்புகளில் எனக்குத் திருத்த அதிகம் இருக்கவில்லை.

இடமாற்றம் வரப்போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு கோரிக்கை. போகும் வாரத்தில் ஒப்படைப்புப் பட்டியல் எழுத ஆரம்பிக்காதீர்கள், அதில் சாவியும் அலமாரி எண்ணிக்கையும் மட்டும்தான் வரும். இந்த மாதம் என்ன வேலை வருகிறதோ அதற்கு ஒரு பக்கம் இன்றைக்கே எழுதுங்கள், அடுத்த மாதம் அடுத்த பக்கம். சுற்றறிக்கை இலக்கம், இணைப்புகள், கையெழுத்து, திரும்பி வரும் காரணம். எழுதிய பக்கத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து, உங்களிடம் ஒன்றும் கேட்காமல் அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்.